மலைநாட்டு வண்டிகளுக்கு 12 வோல்ட் காற்றுப் பம்பு: வாங்கலாமா?

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கும் சின்ன 12 வோல்ட் பம்பு இது. லைட்டர் சொக்கெட்டில் செருகினால் ஓடும். ஒற்றைப் பிஸ்டன், டிஜிட்டல் மீட்டர், வைத்த அளவு வந்ததும் தானாக நிற்கும் வசதி. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கார், முச்சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் கையேடு கடல் மட்டத்துக்கு எழுதியது. மேலே வந்ததும் சில கணக்குகள் மாறும்.

பிஸ்டன் ஒரு தடவைக்கு இழுக்கும் கனவளவு எங்கே போனாலும் அதேதான். கொழும்பில் வளிமண்டல அமுக்கம் 14.7 பி.எஸ்.ஐ. (டயர் மீட்டரில் வரும் அமுக்க அலகு; கீழே வரும் அமுக்க எண்கள் எல்லாம் இதில்தான்); சுமார் 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 11.8 அளவுதான். அதனால் அதே இழுப்பில் உள்ளே வருவது ஐந்தில் நாலு பங்கு காற்று. 30 லீற்றர் கொள்ளும் கார் டயரை 22இலிருந்து 32க்கு ஏற்ற, கொழும்பில் 20 லீற்றர் வெளிக்காற்று போதும், இங்கே 25 லீற்றர் வேண்டும். கையேடு நாலு நிமிடம் என்றால் ஐந்து நிமிடமாவது எடுக்கும். பம்பு பழுது என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போக வேண்டாம்.

சூடும் கூடும். மீட்டரில் 32 வரும்போது டயருக்குள் இருப்பது கொழும்பு வெளிக்காற்றைப் போல 3.2 மடங்கு அமுக்கம். நுவரெலியாவில் அது 3.7 மடங்கு. காற்றை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு சூடாகும்; ஹோஸின் பித்தளைக் கழுத்தில் விரல் வைத்தால் தெரியும். இரண்டு டயர் அடித்ததும் பத்து நிமிடம் ஆற விடுங்கள். ஆற விடாமல் ஓட்டினால் பிஸ்டன் வளையம் தேய்ந்து, மோட்டார் ஓடும், காற்று ஏறாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டே அடியுங்கள், பற்றரி இறங்காது.

மீட்டர் காட்டுவது டயருக்குள் இருக்கும் அமுக்கத்துக்கும் வெளி அமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்தப் பம்பு சுவிட்சைப் போடும்போது வெளிக்காற்றைப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் சுவிட்ச், பிறகு வால்வில் ஹோஸ். சில மீட்டர்களில் பூச்சியம் கடல் மட்டத்திலேயே நிலைத்திருக்கும். அவை நுவரெலியாவில் கிட்டத்தட்ட 3 குறைத்துக் காட்டும், நம்பி அடித்தால் டயரில் 3 கூடிவிடும். வாங்கும் கடை கொழும்பில் இருந்தால் இது பிடிபடாது. மேலே கொண்டுவந்ததும் ஹோஸை எதிலும் மாட்டாமல் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்: 0 வர வேண்டும்.

இனி வெப்பநிலை. டயரின் கனவளவு பெரிதாக மாறாததால் அமுக்கம் தனி வெப்பநிலையோடு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். கணக்கைக் கெல்வினில் (செல்சியஸ் அளவோடு 273 கூட்டியது) போட வேண்டும், வெளி அமுக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இந்த இரண்டிலும்தான். கொழும்பில் 31 பாகை செல்சியஸில் 32 அடித்தால் உள்ளே மொத்தம் 46.7. நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகை என்றால் 46.7ஐ 283ஆல் பெருக்கி 304ஆல் வகுக்க 43.5 வரும். அதில் 11.8 கழித்தால் மீட்டரில் 31.7. குளிர் இறக்கியதை உயரம் ஏறக்குறைய முழுதாகவே ஈடுகட்டிவிட்டது! மேலே வந்தால் காற்றுக் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டி அடிப்பதில் அர்த்தமில்லை.

ஆபத்து ஓடிவந்த டயரில் இருக்கிறது. றம்பொடை ஏற்றம் ஏறி வந்த டயருக்குள் காற்று 50 பாகையில் இருந்தால், கொழும்பில் அடித்த அதே 32, பம்பின் மீட்டரில் 38 என்று தெரியும். பயந்து 32க்கு இறக்கிவிட்டால் மறுநாள் விடிய 26.6தான் மிஞ்சும். அப்படியே இறக்கத்தில் போனால் டயரின் இரு ஓரமும் தேயும், பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும், வளைவில் வண்டி தள்ளாடும். காற்றுப் பார்ப்பது காலையில், வண்டியை எடுக்கும் முன். சூட்டில் ஏறிய அமுக்கத்தை இறக்கவே கூடாது.

நைதரசன் அடித்தால் இந்த ஏற்ற இறக்கம் வராது என்பார்கள். உலர்ந்த நைதரசனும் உலர்ந்த காற்றும் சூட்டுக்கு ஒரே மாதிரித்தான் விரியும். காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன். காசு கொடுக்கத் தேவையில்லை.

தானாக நிற்கும் வசதியை முழுதாக நம்ப வேண்டாம். பம்பு ஓடும்போது ஹோஸுக்குள் அமுக்கம் டயரைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், நின்றதும் எண் இறங்கும். இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள். முச்சக்கர வண்டி டயரில் இன்னும் கவனம் வேண்டும்: கனவளவு சிறியது, ஹோஸைக் கழற்றும்போது 'புஸ்' என்று போகும் அதே காற்று அதில் அதிகம் இறக்கும். திருகு மாட்டியை வேகமாகக் கழற்றினால் இழப்பு குறையும்.

மரக்கறி ஏற்றும் வேன், லொறிக்கு இது காணாது; பெரிய டயர், கூடிய அமுக்கம், மோட்டார் தாங்காது. செருகிக்குள் இருக்கும் பியூஸ் 15 அம்பியர். எரிந்தால் அதே அளவைப் போடுங்கள்; 20 போட்டால் அடுத்து உருகுவது சொக்கெட்டின் வயர்.