ஃபேக்டோரியோ 2.0: நீராவி மாட் எழுதுகிறவர்களுக்கு எப்படி?

தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவில் நீராவிக்கு இரண்டே விவரம்தான்: எத்தனை யூனிட், எத்தனை டிகிரி. அழுத்தம் கிடையாது, உள்ளுறை வெப்பம் கிடையாது, எவ்வளவு நீளமான பைப்பில் போனாலும் சூடு ஆறுவதும் கிடையாது. இயற்பியல் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மாட், அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் துணை நிரல், எழுதுகிறவர்களுக்கோ இதைவிட வசதி வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லாமே ஒரு பெருக்கல் கணக்கில் முடிந்துவிடுகிறது. விளையாட்டை உருவாக்கிய பிராக் நகரத்து வூபே சாஃப்ட்வேர் 2024 அக்டோபர் 21 அன்று 2.0 பதிப்பையும் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கத்தையும் சேர்த்து வெளியிட்டது. பழைய 1.1-ல் எழுதிய நீராவி மாட்களின் கணக்கு அங்கேதான் மாறியது. முழு விளையாட்டையும் இங்கே எடை போடவில்லை. பாய்லரையும் டர்பைனையும் நம் விருப்பப்படி மாற்ற அது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மட்டும்தான் விஷயம்.

முதலில் கணக்கு. நீராவியின் வெப்பக் கொள்ளளவு யூனிட்டுக்கு, டிகிரிக்கு 0.2 கிலோஜூல். தொடக்க வெப்பநிலை 15 டிகிரி. சாதாரண பாய்லர் தருவது 165 டிகிரி நீராவி. 150-ஐ 0.2-ஆல் பெருக்கினால் யூனிட்டுக்கு 30 கிலோஜூல். ஸ்டீம் இன்ஜின் வினாடிக்கு 30 யூனிட் குடிக்கும், ஆக 900 கிலோவாட். டர்பைனுக்கு 500 டிகிரி, வினாடிக்கு 60 யூனிட்: 485 பெருக்கல் 0.2, யூனிட்டுக்கு 97 கிலோஜூல், மொத்தம் 5.82 மெகாவாட். விளையாட்டு காட்டும் எண்ணும் இதேதான், ஒளித்துவைத்த குணகம் எதுவும் இல்லை. மாட் தளமாக ஃபேக்டோரியோவுக்கு முதல் மதிப்பெண் இங்கேயே போட்டுவிடலாம். காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே ஆட்டத்தில் வருகிறது.

2.0-ல் தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு 0.2-லிருந்து 2 கிலோஜூலாக உயர்ந்தது. பாய்லரின் வெளியேறும் பக்கத்தில் வேறு திரவத்துக்கு ஃபில்டர் (இந்தத் திரவம் மட்டும்தான் என்ற கட்டுப்பாடு) வைத்திருந்தால், எத்தனை யூனிட் உள்ளே போய் எத்தனை வெளியே வரும் என்பதை இரண்டு திரவங்களின் வெப்பக் கொள்ளளவு விகிதமே தீர்மானிக்கிறது. 2-க்கு 0.2, அதாவது ஒரு யூனிட் தண்ணீர் பத்து யூனிட் நீராவியாகிறது. முன்பு ஒரு கரைப் பம்பு 20 பாய்லரையும் 40 இன்ஜினையும்தான் தாங்கும். இப்போது 200 பாய்லர், 400 இன்ஜின். பழைய விகிதத்தை மனப்பாடம் செய்தவர்கள் தேவையில்லாமல் பத்து பம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் பாதகம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த விகித விதியைக் கவனிக்காமல் மாட் எழுதினால் பாதகம் உண்டு.

உதாரணத்துக்கு, சாதாரண இன்ஜினுக்கும் டர்பைனுக்கும் நடுவே 315 டிகிரியில் ஒரு படி சேர்ப்போம். 300 பெருக்கல் 0.2, யூனிட்டுக்கு 60 கிலோஜூல். இன்ஜினின் குடிக்கும் அளவை மாற்ற வேண்டாம், டிக் (வினாடியில் அறுபதில் ஒரு பங்கு) ஒன்றுக்கு அரை யூனிட்டாகவே இருக்கட்டும். உச்ச வெப்பநிலையை 315 ஆக்கினால் ஆற்றல் தானாக 1.8 மெகாவாட் ஆகிவிடும், தனியாக எழுதத் தேவையில்லை. பாய்லருக்கு இலக்கு வெப்பநிலை 315, எரிசக்தி 3.6 மெகாவாட். அது வினாடிக்கு 60 யூனிட் தரும், இரண்டு இன்ஜினுக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் வினாடிக்கு 6 யூனிட், 2.0-ன் சாதாரண பாய்லர் குடிக்கும் அதே அளவு. நிலக்கரி 4 மெகாஜூல் என்பதால் வினாடிக்கு 0.9 துண்டு எரியும். வினாடிக்கு 15 துண்டு ஓட்டும் மஞ்சள் பெல்ட் (அடிப்படைக் கன்வேயர்) சாதாரண பாய்லர் 33-க்குத் தீனி போடும், புதியது 16-க்குத்தான். மொத்த மின்சாரம் கிட்டத்தட்ட அதே. வெப்பநிலையை ஏற்றியதால் இலவச ஆற்றல் ஒரு துளியும் வரவில்லை, மிச்சமானது இடம் மட்டுமே. சமநிலையைக் கெடுக்காமல் மாட் எழுத நினைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எழுதும் வேலையும் பெரிதில்லை. பொருள்களையும் இயந்திரங்களையும் வரையறுக்கும் டேட்டா லுவா ஃபைலில் மூலப் பாய்லரை முழுப் பிரதி எடுத்து, பெயரையும் மேலே சொன்ன எண்களையும் மாற்றினால் போதும். வழக்கமாக வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பிரதி எடுத்ததில், பிடுங்கினால் கிடைக்கும் பொருளின் பெயர் பழையதாகவே இருக்கும். புதுப் பாய்லரை வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், கையில் பழைய பாய்லர் வந்து விழும். பொருள், அதை வைக்கும்போது உருவாகும் இயந்திரம், செய்முறை, அதைத் திறக்கும் தொழில்நுட்பம் என நான்கிலும் புதுப் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் விளையாட்டை மூடித் திறக்க வேண்டியிருப்பது சலிப்புதான். சோதனைக்கு எடிட்டர் முறையில் உள்ள முடிவிலிப் பைப்பைப் பயன்படுத்துங்கள். அதில் திரவத்தையும் வெப்பநிலையையும் நேரடியாகக் குறிப்பிடலாம் என்பதால் பாய்லரே இல்லாமல் இன்ஜினைச் சோதித்துவிடலாம்.

இனி குறை. வெவ்வேறு சூட்டில் உள்ள நீராவி ஒரே பைப்பில் சேர்ந்தால் சராசரியாகிவிடும். 165 டிகிரியில் 10,000 யூனிட்டும் 315 டிகிரியில் 10,000 யூனிட்டும் ஒரே டேங்கில் சேர்ந்தால் 240 டிகிரி. புது இன்ஜின் அதைக் குடித்தால் 1.35 மெகாவாட்தான் தரும். பழைய இன்ஜினில் கதை இன்னும் மோசம். தன் உச்சத்துக்கு மேலான சூட்டையும் மறுக்காமல் குடிக்கும், ஆனால் 900 கிலோவாட்டைத் தாண்டாது. யூனிட்டில் இருக்கும் 45 கிலோஜூலில் 15 அப்படியே காற்றோடு போய்விடும். எச்சரிக்கைச் சின்னம் எதுவும் வராது. தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும், நிலக்கரி மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரையும்.

இதைச் சர்க்யூட் (இயந்திரங்களின் அளவுகளைச் சிக்னலாகப் படிக்கும் கம்பி இணைப்பு) வைத்துப் பிடிக்கலாம் என்றால் முடியாது. டேங்க் அனுப்பும் சிக்னல் அளவை மட்டுமே சொல்கிறது, 165 டிகிரி நீராவிக்கும் 500 டிகிரி நீராவிக்கும் ஒரே சிக்னல்தான். பம்பின் ஃபில்டரும் திரவத்தின் பெயரைத்தான் பார்க்கிறது. 2.0-ல் அணு உலையின் வெப்பநிலையைச் சர்க்யூட்டில் படிக்க வழி செய்தவர்கள் டேங்குக்கு அதைச் செய்யாமல் விட்டது ஏன் என்று புரியவில்லை. ஏற்கெனவே ஓடும் சேவ் ஃபைலில் பாய்லரின் இலக்கை மாற்றினால் பழைய 165 டிகிரி நீராவி பைப்பிலேயே கிடந்து புதியதோடு கலக்கும். பைப்பைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டும் பட்டனை அழுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது.

சிலர் குறுக்கு வழியாக நீராவியின் வெப்பக் கொள்ளளவையே 0.4 ஆக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். இன்ஜினின் திறன் இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் தண்ணீர் விகிதம் ஒன்றுக்கு ஐந்தாகச் சுருங்கி, ஒரு பாய்லர் ஒரே இன்ஜினுக்குத்தான் போதும். ஸ்பேஸ் ஏஜ் இருந்தால் ஓட்டையும் விழுகிறது: வல்கனஸ் கிரகத்தில் 1000 யூனிட் கந்தக அமிலமும் ஒரு கால்சைட்டும் சேர்ந்து 500 டிகிரியில் 10,000 யூனிட் நீராவி தரும். அது பாய்லர் வழியாக வருவதில்லை, அதனால் விகித விதி அதைத் தொடாது. 970 மெகாஜூல் தந்த அதே செய்முறை சத்தமில்லாமல் 1.94 கிகாஜூல் தரத் தொடங்கும்.

சரியான வழி, உயர்சூட்டு நீராவியைத் தனித் திரவமாகவே உருவாக்குவது. பைப்பில் கலக்காது, சர்க்யூட்டில் தனிச் சிக்னல் வரும், பம்பு ஃபில்டரும் பிரித்துப் பார்க்கும். இதில் சிக்கிக்கொள்ள இரண்டு இடம் உண்டு. வெப்பக் கொள்ளளவை எழுதாமல் விட்டால் விளையாட்டு 1 கிலோஜூல் என்று எடுத்துக்கொள்ளும். யூனிட்டுக்கு 300 கிலோஜூல் ஆகி, நம் 315 டிகிரி இன்ஜினின் விவரப் பலகையில் 9 மெகாவாட் என்று பெருமையாகக் காட்டும். ஆனால் 3.6 மெகாவாட் பாய்லர் அப்போது வினாடிக்கு 12 யூனிட்தான் தரும், முழு வேகத்தில் இரண்டு இன்ஜின் கேட்பதோ 60. உண்மையில் கிடைப்பது ஆளுக்கு 1.8 மெகாவாட்தான். உச்ச வெப்பநிலையை எழுதாமல் விட்டாலோ, தொடக்க வெப்பநிலையே உச்சமாகிவிடும், நீராவி சூடே ஆகாது. இரண்டையும் கையால் எழுதுங்கள். இதற்குக் கொடுக்கும் விலை, நிலக்கரியை எண்ணெயாக்கும் செய்முறை இந்தப் புதுத் திரவத்தை ஏற்காது. அதற்கு 50 யூனிட் நீராவி எந்தச் சூட்டில் வந்தாலும் சரிதான் என்பதால், மலிவான 165 டிகிரி பாய்லர் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

0.15 பதிப்புக்கு முன் நீராவி என்று தனித் திரவமே கிடையாது, பாய்லர் வரிசை வழியாகத் தண்ணீரே சூடேறிக்கொண்டு போகும். உள்ளிருக்கும் திரவத்தையே சூடாக்கும் அந்த முறை இன்றும் பாய்லரில் ஒரு தேர்வாக இருக்கிறது, பழைய சுவை வேண்டுவோர் முயன்று பார்க்கலாம்.

விலை 35 டாலர், ஸ்பேஸ் ஏஜுக்கு இன்னொரு 35. தள்ளுபடியே தருவதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை, அதனால் தீபாவளி சேல் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மேலே சொன்ன பாய்லர், இன்ஜின், தனித் திரவம் எல்லாவற்றுக்கும் மூல விளையாட்டே போதும். இயந்திரங்கள் குளிரில் உறைவது போன்றவற்றைத் தொட வேண்டும் என்றால்தான் விரிவாக்கம் தேவை. நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பில் மாட் வசதி இல்லை, கணினிப் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்.