இரும்புச்சத்து மாத்திரை: ரத்தம் ஏறியது, வயிறுதான் பாவம்

மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஹீமோகுளோபின் 8.9 என்று வந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இது, ஃபெரஸ் அஸ்கார்பேட்டும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது, அட்டைக்குப் பத்து. கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே சரக்கை எத்தனையோ பேர் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், என் புலம்பல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் வாரம் வெறும் வயிற்றில் போட்டேன். அடிபம்பில் முதலில் வருமே துருத் தண்ணீர், அந்த ருசி நாள் முழுக்க நாக்கில். தொப்புளுக்கு மேலே பிசைகிற மாதிரி ஒரு குமட்டல். நாலாம் நாள் காலையில் பார்த்தால் மலம் கரி மாதிரி கறுப்பு, பயந்துபோய் பாத்ரூம் வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் போட்டேன். "அடியே, அது மாத்திரை கலருடி. ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த சிவப்பு மாத்திரைக்கும் எனக்கு அப்படித்தான் போச்சு. நீ காசு குடுத்து வாங்கினா மட்டும் பொன்னிறமாவா வரும்?" என்றாள். குடல் எடுத்துக்கொள்ளாத இரும்புதான் அப்படி இறங்குகிறது. ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், அப்போது அக்காவைக் கேட்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கறுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மலச்சிக்கல்தான் முடியவில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் போராட்டம். வாழைப்பழம், ஊறவைத்த உலர் திராட்சை, சொம்பு சொம்பாகத் தண்ணீர், எல்லாம் ஓரளவுதான் கேட்டது. திரும்ப டாக்டரிடம் போனபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுமாம், மறுநாளே போடுகிற மாத்திரையில் பெரும்பங்கு குடலிலேயே கிடந்து தொல்லை கொடுக்குமாம். மாற்றியதும் சிக்கல் பாதியாகக் குறைந்தது. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் இன்னும் குறையும், ஆனால் உடம்பில் சேர்வதும் குறையும். நான் வெறும் வயிற்றையே பிடித்துக்கொண்டேன்.

என் தப்பும் ஒன்று உண்டு. மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் காபி. காபி, டீ இரண்டுமே இரும்பை உறிஞ்சவிடாது. இப்போது ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன், அந்த ஒரு மணி நேரம் என்னிடம் யாரும் பேசுவதில்லை. நான் போடும் கால்சியம் மாத்திரைக்கும் அதே குணம் என்பதால் அதை இரவுக்குத் தள்ளிவிட்டேன், அதுவும் கார்பனேட் வகை என்றால் தன் பங்குக்கு மலத்தை இறுக்கும்.

அரை நட்சத்திரம் குறைத்தது அட்டைக்காக. எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், எலிமென்டல் அயர்ன், அதாவது அதில் உண்மையிலேயே இருக்கும் இரும்பு, எவ்வளவு என்று பாருங்கள். இதில் 100 மில்லிகிராம். 200 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு 65தான். அக்கா சொன்ன சிவப்பு மாத்திரையில் இப்போது 60. சிரப்பும் ஒரு பாட்டில் வாங்கிப் பார்த்தேன், பல்லில் கறை பிடிக்கிறது, ஸ்ட்ரா வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் கால் பிடிப்புக்கு என்று எங்கள் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் மெக்னீசியம் ஆக்சைடு வாங்கிவந்தார். அது நேர் எதிர், அவருக்குப் பேதி. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மில்க் ஆஃப் மெக்னீசியாவும் இதே இனம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான்.

சரி, பலன்? இப்போது 11.6. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் உடம்பில் இரும்பின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போடச் சொல்லிவிட்டார், ஐந்து அட்டை வாங்கியாயிற்று, கூடவே ஒரு கிலோ உலர் திராட்சையும்.