செம் சிமுலேட்டரில் மாணவர்களைப் பழக்குவது: சில வருட அனுபவம்

ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், அதாவது எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பைப் படமெடுக்கும் செம், கற்றுக்கொள்ள வரும் மாணவர்களை முதலில் சிமுலேட்டரில்தான் உட்கார வைக்கிறேன். பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பி ஆஸ்திரேலியாவின் மைஸ்கோப். இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.

அது நிஜமாகக் கைகொடுப்பது அஸ்டிக்மாட்டிசத்தை, அதாவது கற்றை வட்டமாகக் குவியாமல் படம் ஒரு திசையில் இழுபடும் குறையை, சரிசெய்யப் பழகுவதில். ஃபோகஸை ஒரு பக்கம் நகர்த்தினால் படம் ஒரு திசையில் இழுபடும். மறுபக்கம் நகர்த்தினால் அதற்கு 90 டிகிரி குறுக்காக இழுபடும். நடுவில் நிறுத்தி, அந்தக் குறையைச் சரிசெய்யும் எக்ஸ், ஒய் ஸ்டிக்மேட்டர்களை ஒவ்வொன்றாகத் திருகி, மறுபடி ஃபோகஸ் பார்க்க வேண்டும். பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் இது மண்டையில் ஏறாது. நிஜக் கருவியில் அடுத்தவர் தன் நேரத்துக்காகக் காத்திருக்கும்போது, திருகிப் பார்க்கவே பலருக்குக் கை வராது. சிமுலேட்டரில் படத்தை எவ்வளவு கெடுத்தாலும் கேட்க ஆளில்லை. அதனால் 'நல்ல படம் எடு' என்று சொல்வதை விட்டுவிட்டேன். 'கெடுத்துக் காட்டு, பக்கத்தில் இருப்பவர் காரணத்தைச் சொல்லட்டும்' என்கிறேன்.

சிக்கல் சாம்பிளில்தான். சிமுலேட்டரில் ஒரே செட்டிங்குக்கு எப்போதும் ஒரே படம்தான். நிஜத்தில் மின்சாரம் கடத்தும் பூச்சு இல்லாத பாலிமரை வைத்தால் எலக்ட்ரான்கள் தேங்கி சார்ஜ் ஏறி, படம் வெளுத்து, கோடு கோடாகி, நகர்ந்துகொண்டே போகும். சிமுலேட்டரில் மட்டும் பழகியவர் உடனே திரையில் பட்டன் தேடுவார். தீர்வு பல நேரம் சேம்பருக்கு (சாம்பிள் வைக்கும் வெற்றிட அறை) வெளியே இருக்கும்: தங்கப் பூச்சு, ஸ்டப்போடு (சாம்பிளை ஒட்டும் உலோகத் தாங்கி) ஒழுங்கான மின் இணைப்பு. இல்லாவிட்டால் கற்றையை முடுக்கும் மின்னழுத்தத்தில் 15 கிலோவோல்ட்டிலிருந்து 2 அல்லது 1-க்கு இறங்கிப் பார்க்கலாம். அதுவும் எல்லா சாம்பிளுக்கும் சரிப்படாது.

அப்புறம் ஸ்டேஜ், அதாவது சாம்பிளை நகர்த்தும் மேடை. உயரமான சாம்பிளைக் கவனிக்காமல் ஏற்றினால் லென்ஸின் அடிப்பகுதியிலோ டிடெக்டரிலோ இடிக்கும். அந்தப் பயம் சிமுலேட்டரில் வராது (வரவும் வழியில்லை). முதல் முறை சாம்பிள் ஏற்றும்போது சேம்பர் கேமராவைப் பார்த்தபடி நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

டெம், அதாவது சாம்பிளை ஊடுருவும் எலக்ட்ரான்களால் படமெடுக்கும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கும் சிமுலேட்டர் உண்டு; அதை அலைன்மென்ட் (கற்றையையும் லென்ஸ்களையும் நேராக்குவது) வரிசையை மனதில் பதிக்க மட்டும் தருகிறேன்.

தனியாகக் கருவியை இயக்க அனுமதி தருவதற்கு சிமுலேட்டர் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கார்பன் மேல் தகர உருண்டைகள் உள்ள சாம்பிளில் ஸ்டிக்மேட்டரைச் சரிசெய்ய வேண்டும். உருண்டை என்பதால் எந்தத் திசையில் இழுபடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். அடுத்து, சார்ஜ் ஏறும் ஒரு சாம்பிளைக் கொடுப்பேன். இரண்டையும் சமாளித்தால் சாவி.