வெசலேயா, கோங்க்கா?

பிரான்சின் வெசலே, கோங்க் ஆகிய இரண்டும் ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரைப் பாதைகளில் வளர்ந்த சிற்றூர்கள். அரசியல் வரலாற்றில் நாட்டம் உள்ளவருக்கு வெசலேயே பொருத்தமானது. பர்கண்டிக் குன்றொன்றின் மேலுள்ள அவ்வூரில்தான் 1146இல் துறவி கிளேர்வோ பெர்னார்து இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். 1190இல் பிரெஞ்சு அரசர் பிலிப்பும் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் மூன்றாம் சிலுவைப்போருக்காகக் கூடியதும் அங்கேதான். சிதைந்திருந்த மகதலேனா மரியாள் பேராலயத்தை 1840 முதல் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக் புதுப்பித்ததால், இன்று நாம் காண்பதில் 19ஆம் நூற்றாண்டின் கைவண்ணமும் கலந்திருக்கிறது.

கோங்க்கின் வரலாறு இன்னும் சுவையானது. 9ஆம் நூற்றாண்டில் அவ்வூர்த் துறவி ஒருவர் அழான் நகரிலிருந்து மறைசாட்சியான புனித ஃபுவாவின் திருப்பண்டங்களை (உடல் எச்சங்களை) களவாடி வந்தார் என்று மடத்து மரபே பெருமையுடன் கூறுகிறது. யாத்திரிகர் பெருகியது அதன் பின்னரே. பொன்தகடு போர்த்திய அப்புனிதையின் சிலை, பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்மக்கள் ஒளித்துவைத்ததால் தப்பியது. அவ்வூர் ஆலய வாயிலின் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில், சொர்க்கத்தைவிட நரகமே உயிர்ப்புடன் செதுக்கப்பட்டிருக்கிறது (சிற்பிகளுக்கு அதுவே எளிது போலும்). 1994இல் நிறைவுற்ற, ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்த வண்ணமற்ற 104 சாளரங்களும் அப்பழங்கல்லோடு இசைந்து நிற்பதால், ஒன்றை மட்டுமே காண இயலுமெனில் கோங்க்கையே பரிந்துரைப்பேன்.