திருவாதிரை மங்கிய மார்கழியிலிருந்து: ஏஏவிஎஸ்ஓ-வோடு ஐந்து ஆண்டுகள்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று கங்கண சூரிய கிரகணத்தைப் பார்த்தேன். வெயிலின் நிறம் மாறி, தென்னங்கீற்றின் இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் வளையமானதைப் பார்த்தபோது, இதைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அன்று இரவே இணையத்தில் தேட உட்கார்ந்தேன். அடுத்த சில மாதங்களில் கண்ணில் பட்ட தளம், செயலி, குழு எதையும் விடவில்லை. அவற்றில் நிலைத்தது ஏஏவிஎஸ்ஓ என்ற, ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களின் தளம்தான்; அது எதற்காக நிலைத்தது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் விட்டுவிட்டவை. பத்துப் பன்னிரண்டு வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்ந்தேன். பெரும்பாலானவற்றில் படங்கள் வரும், ‘அருமை’ என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். ஆகஸ்ட் பிறந்தால் ‘செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியப் போகிறது’ என்ற பழைய வதந்தியும் வந்துவிடும். ஒரு குழுவில் நான் அதை மறுத்து எழுதியதற்காக வெளியே அனுப்பினார்கள். ஒரு இணையப் பயிற்சிக்கு நான்காயிரம் ரூபாய் கட்டினேன். நட்சத்திரத்தின் பிறப்பு, வாழ்வு, இறப்பு என்று எங்கும் இலவசமாகக் கிடைக்கிற விஷயத்தையே படித்துக்காட்டிவிட்டு ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் வாங்கப் பாதி வழி வந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் திருவாதிரை (பெட்டல்ஜியூஸ்) நட்சத்திரம் பற்றிய செய்தி வந்தது. வில்லனோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கினன் குழுவினர் டிசம்பர் தொடக்கத்திலேயே, திருவாதிரை வழக்கத்தைவிட வெகுவாக மங்கியிருக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். யூடியூபில் பார்த்தால் எல்லோரும் ‘வெடிக்கப் போகிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அது எவ்வளவு மங்கல், நேற்று எவ்வளவு, போன மாதம் எவ்வளவு, யார் அளந்தார்கள் என்ற கேள்விக்கு எங்கும் பதில் இல்லை. அந்த எண்ணைத் தேடிப் போய்த்தான் ஏஏவிஎஸ்ஓ தளத்தை அடைந்தேன்.

அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய அமைப்பு இது. ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்க்கிற அமெச்சூர்கள் தங்கள் அளவுகளை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க ஆரம்பித்தது. இன்று ஐந்து கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் அங்கே இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம், பதிவிறக்கலாம். நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால், நாள் போகப் போகப் பொலிவு எப்படி மாறியது என்று காட்டும் ஒளி வரைகோடு வந்து நிற்கும். நான் முதலில் பார்த்தது திருவாதிரையின் கோடு. பொலிவைச் சொல்லும் எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல் என்று அர்த்தம்: சாதாரணமாக 0.5 வாக்கில் இருக்க வேண்டிய பொலிவு கீழே கீழே இறங்கி, 2020 பிப்ரவரியில் 1.6-ஐத் தொட்டது. கருவிகொண்டு அளந்தவர்களின் புள்ளிகள் பச்சையில், வெறும் கண்ணால் பார்த்து மதிப்பிட்டவர்களின் புள்ளிகள் கறுப்பில். கறுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது: இதில் பாதிப் பேர் என்னைப் போல மாடியில் நின்று பார்த்தவர்கள்.

கணக்குத் தொடங்கி, பார்வையாளர் குறியீடு ஒன்று வாங்கினால் நாமும் பதியலாம். உறுப்பினர் ஆகக் கட்டணம் உண்டு, ஆனால் பதிவு செய்வதற்கு உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கேட்பார்களோ என்று நினைத்தே பலர் திரும்பிப் போகிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், தளத்தில் நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்து வரைபடம் எடுக்கிறோம். அதில் நம் நட்சத்திரத்தைச் சுற்றி, பொலிவு மாறாத வேறு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருக்கும். 37 என்றால் 3.7. புள்ளியை இன்னொரு நட்சத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் புள்ளி வைப்பதில்லை. நம் நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் பிரகாசமானது ஒன்று, கொஞ்சம் மங்கலானது ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று மதிப்பிடுகிறோம். அந்த எண்ணையும், நேரத்தையும், ஒப்பிட்ட இரண்டு நட்சத்திரங்களையும், வரைபட எண்ணையும் பதிகிறோம். அவ்வளவுதான் முழு வேலையும். கண்ணுக்கு அனுபவம் ஏறினால் 0.1 அளவுக்குத் துல்லியம் வரும் என்று சொல்வார்கள். எனக்கு அது வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

திருவாதிரையை அளக்க ரோகிணியை வைத்துக்கொண்டேன், அதன் பொலிவு 0.9 வாக்கில். மார்கழியில் வழக்கமாக ரோகிணியைவிடத் திருவாதிரைதான் பளிச்சென்று இருக்கும், அந்த வருடம் ரோகிணி ஜெயித்துவிட்டது. பிப்ரவரி நடுவில், அதே மிருகவேடன் (ஓரியன்) கூட்டத்தில் எதிர்ப்பக்கத் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸும் திருவாதிரையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தன. வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளைத் திறந்தால் அதில் திருவாதிரை எப்போதும்போல ஜொலித்துக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கினால் வேறு வானம். பிறகு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, வாகனப் புகை இல்லாத அந்த ஏப்ரல் மாலைகளில், அது மேற்கே சாய்கிற வரை தினம் பார்த்தேன், மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு ஏறியது. நட்சத்திரம் தன் மேற்பரப்பிலிருந்து பெரிய வாயுத் திரளை உமிழ்ந்து, அது குளிர்ந்து தூசாகி நம் பார்வையை மறைத்ததுதான் காரணம் என்று பின்னால் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தேன்.

சிவப்பு நட்சத்திரம் என்பதால் அதை உற்றுப் பார்க்கக் கூடாது, உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் அதைப் பிரகாசமாகக் காட்டும் என்று தளத்தின் வழிகாட்டியில் எழுதியிருந்தது. சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். அப்புறம், ஒப்பிடும் நட்சத்திரம் ஒன்று உச்சியிலும் ஒன்று அடிவானத்திலும் இருந்தால் கணக்கு தப்பும், அடிவானத்துக் காற்று ஒளியைத் தின்றுவிடும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களை எந்த அழகான வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கழுகுக் கூட்டத்தில் உள்ள ஈட்டா அக்விலே என்ற நட்சத்திரம். திருவோணத்துக்குத் தெற்கே இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியும், நம் ஊரில் தலைக்கு மேலேயே வரும். 7.18 நாளுக்கு ஒரு முறை 3.5-லிருந்து 4.4 வரை போய்த் திரும்பும், ஏறுவது வேகமாக, இறங்குவது நிதானமாக. அதே கூட்டத்து நட்சத்திரங்களில், அதன் ஒரு பக்கம் டெல்டா (3.4), மறுபக்கம் தீட்டா (3.2), கீழே அயோட்டா (4.4). உச்சத்தில் டெல்டாவுக்குச் சமமாக நிற்கும், அடியில் அயோட்டாவுக்குச் சமமாகப் போய்விடும், இதைவிட எளிமையான பாடம் வேறு கிடைக்காது. எட்வர்ட் பிகாட் 1784-ல் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தபோது அவரிடமும் கண்ணும் கடிகாரமும் பொறுமையும்தான் இருந்திருக்கும். சீராக விரிந்து சுருங்கி ஒளி மாறும் செஃபீட் வகை நட்சத்திரம் இது, இதே வகை நட்சத்திரம் ஒன்றை ஆண்ட்ரோமீடாவில் பார்த்து, அதை வைத்துத் தொலைவைக் கணக்கிட்டுத்தான் வானியலாளர் ஹபிள் அது வேறு ஒரு விண்மீன் கூட்டம் (கேலக்ஸி) என்று நிறுவினார். ஒன்றரை மாதம் விட்டு விட்டுப் பார்த்து, என் புள்ளிகளை 7.18 நாள் சுற்றுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டபோது, அந்தச் சரிவு என் புள்ளிகளிலேயே தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. தளம் கேட்பது உலகப் பொது நேரம், நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். நான் அல்கால் நட்சத்திரத்துக்கு இந்திய நேரத்தையே போட்டுக்கொண்டிருந்தேன். அது 2.87 நாளுக்கு ஒரு முறை தன் துணை நட்சத்திரத்தால் மறைக்கப்படுவது, மறைப்பு மொத்தமே பத்து மணி நேரம்தான், அதில் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போனால் அளவீடு குப்பை. கோட்டில் என் புள்ளிகள் மட்டும் தனியாக விலகி நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய பதிவுகளை நாமே திருத்தலாம், ஒவ்வொன்றாகத் திருத்தினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பொலிவெண் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்து ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எண் மாறினால் ஒளி 2.512 மடங்கு மாறும் என்ற கணக்கை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-லிருந்து 1891-ல் இறக்கும் வரை சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் தலைவர். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவது என்று கண்டுபிடித்தார். ஆக, நான் அமெரிக்கத் தளத்தில் ஆங்கிலத்தில் படித்துக் கற்றுக்கொண்ட வேலையை நுங்கம்பாக்கத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் இது இருந்திருந்தால் நான் இருபது வருடம் முன்பே மாடி ஏறியிருப்பேன்.

இந்த மாதிரிப் பழைய விஷயங்களைத் தேட ஏடிஎஸ் என்ற நாசா ஆதரவில் நடக்கும் தேடுதளம் அருமையானது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களைக்கூட ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். புதிய கட்டுரைகளுக்கு ஆர்க்சைவ், முழுக்க இலவசம். முதலில் அங்கே போய்ப் பயந்துவிட்டேன், கணிதம் தலைக்கு மேலே போனது. இப்போது சுருக்கம், முன்னுரை, படங்களும் அவற்றின் கீழே உள்ள விளக்கமும், கடைசிப் பகுதி, இந்த வரிசையில் படிக்கிறேன், பாதிக்கு மேல் பிடிபடுகிறது. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியையும் விடாதீர்கள். உலகெங்கும் உள்ள பார்வையாளர்கள் ஏஏவிஎஸ்ஓ-வுக்குத் தந்த அளவீடுகளுக்கு நன்றி என்று அங்கே அடிக்கடி ஒரு வரி இருக்கும். பெயர் போட மாட்டார்கள். எனக்கு அது போதும்.

நமக்கு ஒரு தனி இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இரவு. ஐரோப்பாவில் இன்னும் வெளிச்சம் போகாத நேரத்தில் நாம் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒரு நட்சத்திரம் திடீரென்று மாறும்போது இந்த இடைவெளியை நிரப்ப நம் தீர்க்கரேகையில் ஆள் வேண்டும். பார்க்க முடியாததும் பதிவுதான். டி கரோனே பொரியாலிஸ் என்ற நட்சத்திரம் 1866-லும் 1946-லும் வெடித்தது, 2024-ல் மறுபடி வெடிக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கோடை முழுக்க, சுவாதிக்குக் கிழக்கே வில் போல வளைந்து நிற்கும் அந்தச் சின்னக் கூட்டத்தில் அதை என் 10x50 பைனாகுலரில் தேடி, ‘இன்னது வரை தெரிந்தது, அது தெரியவில்லை’ என்று பதிந்தேன். அந்த ஆண்டு அது வெடிக்கவில்லை. என் பதிவுகள் அங்கேயே இருக்கின்றன.

குறைகள் என்றால், எல்லாமே ஆங்கிலம், அதிலும் கலைச்சொல் நிறைந்த ஆங்கிலம். தமிழில் ஒரு பத்துப் பக்க வழிகாட்டி இருந்தால் எத்தனையோ பேர் வருவார்கள். நம் ஊர் வானம் இன்னொரு பிரச்சினை, ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடுவதில்லை, தெருவுக்குத் தெரு வெள்ளை எல்இடி வந்த பிறகு 4.4 பொலிவுள்ள அயோட்டாவையே சில நாள் தேட வேண்டியிருக்கிறது. மழைக்கால இரவுகளில் நான் சூனிவர்ஸ் தளத்தில் கேலக்ஸி ஜூ செய்கிறேன், விண்மீன் கூட்டங்களின் படம் பார்த்து வடிவம் வகைப்படுத்துவது. ஹானி என்ற டச்சு ஆசிரியை 2007-ல் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் யாருக்கும் என்னவென்று தெரியாத ஒரு பச்சை மேகத்தைக் கண்டுபிடித்தார். கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கும் மேலான தன் சூரியப் படங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்திருப்பதும் மழை நாளுக்கு நல்ல துணை.

இப்போது என் அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள், கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். பங்குனி, சித்திரையில் மகத்துக்குப் பக்கத்தில் ஆர் லியோனிஸைப் பைனாகுலரில் பார்க்கிறோம். 310 நாள் சுற்று, உச்சத்துக்கு அருகே கனிந்த சிவப்பாகத் தெரியும். முதல் நாள் அவள் பார்த்துவிட்டு, “மாமா, உங்களுக்கு எவ்வளவு வருது?” என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்தவர் எண் காதில் விழுந்தால் கண் அதன் பக்கம் சாய்ந்துவிடும், அதனால்தான் பழைய கோட்டைக்கூடப் பார்த்துவிட்டு மாடி ஏறக் கூடாது. அவளுக்கென்று தனிக் குறியீடு வாங்கிவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று பார்த்து, நோட்டில் குறித்து, கீழே இறங்கித் தனித்தனியாகப் பதிவேற்றிய பிறகுதான் எண்ணைச் சொல்லிக்கொள்கிறோம். போன வாரம் எனக்கு 6.3, அவளுக்கு 6.5.