இடத்திலேயே அடித்துத் தரும் மண் கல்: நீலகிரிக்குத் தாங்குமா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீடு கட்டக் கிளம்பியவர்கள் காதில் இந்தச் சேவை கட்டாயம் விழுந்திருக்கும். மெஷினோடும் ஆட்களோடும் வந்து, உங்கள் இடத்து மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்டு கலந்து கல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சூளையும் விறகும் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் செங்கல் லாரிக்கு வாடகை அழவும் வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கல் நல்ல சரக்கு, 5-க்கு 4 கொடுக்கலாம். சேவைக்கு 2½-தான். கீழ்நாட்டுக் கலவைக் கணக்கை அப்படியே மலையில் கொண்டுவந்து போடுகிறார்கள் என்பதுதான் குறை.

விளம்பரத்தில் 'லாரி பேக்கர் பாணி' என்று, கட்டடக் கலைஞர் ஒருவர் பெயரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, 1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்த பேக்கர், பெரும்பாலும் சுட்ட செங்கல்லில்தான் கட்டினார். அவர் கையொப்பம் மாதிரி நிலைத்துவிட்டது 'எலிப்பொறிக் கட்டு'. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். மண்ணையும் அவர் பரிந்துரைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அமுக்கிய மண் கல்லின் வம்சம் வேறு. கொலம்பியாவில் 1950-களில் உருவான, மண்ணைக் கையால் அமுக்கிக் கல்லாக்கும் சின்வா-ராம் அச்சு, அதன்பின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமத் தொழில்நுட்பத்துக்கென இயங்கிய அஸ்த்ரா குழு, ஆரோவில்லின் ஆரம் அச்சு என்று வந்த வழி அது.

பேக்கரிடமிருந்து இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. இமயமலைப் பித்தோராகட்டில் பல வருடம் இருந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த கல்லையும் மரத்தையும் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கான பொருள் 5 மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார். அந்த அளவுகோலை இந்தச் சேவைக்கும் வைத்துப் பாருங்கள். நம் மண்ணில் களி அதிகம். மணல் போதாமல் எம்சாண்டோ கிரஷர் பொடியோ சேர்க்கச் சொல்வார்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாரியில் வந்தால், 'உங்கள் மண்ணிலேயே' என்ற பேச்சுக்கு அர்த்தம் குறைந்துவிடும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். தேயிலைக் காட்டின் கறுப்பு மேல்மண் முழுக்க இலைமக்கு. அதில் சிமெண்டு ஒழுங்காக இறுகாது. கறுப்பு முழுதாகப் போய்ச் சிவப்பு தெரிகிறவரை எடுத்து, தோட்டத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். கல்லுக்கென்று சரிவைத் தனியாக வெட்டாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவை இந்த மலை மறக்கவில்லை. மண் வெட்ட, பொக்லைன் இறக்க அனுமதியும் வாங்க வேண்டும். கடைக்காலுக்குத் தோண்டி எடுக்கும் மண்ணே எவ்வளவுக்குத் தேறும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

வருகிற மேஸ்திரி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு 'நல்ல மண்ணுங்க' என்றால் விட்டுவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் நிற்கும், வண்டல் அரைமணியில், களி மறுநாள். ஆரோவில்காரர்கள் சொல்லும் அளவு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். களி இதைவிட ரொம்பவும் ஏறினால் சிமெண்டைக் கூட்டிப் பயனில்லை. மணல் சேர்க்க வேண்டும், அல்லது சுண்ணாம்புக்கு மாற வேண்டும்.

அடுத்தது சிமெண்டு. 24 × 24 × 9 செ.மீ. கல் சுமார் 10 கிலோ. 5 சதவீதம் சிமெண்டு என்றால் 50 கிலோ மூட்டைக்கு 100 கல். மலையின் ஈரத்துக்கு 7 சதவீதம் கேளுங்கள். மூட்டைக்கு 70 கல் வரும். 'ஒரு மூட்டைக்கு 150 அடிச்சுத் தர்றோம்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காலி மூட்டைகளையும் அடுக்கிய கல்லையும் மாலையில் எண்ணிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். அன்றைய வேலை முடியாமல் மூட்டைகளை எடுத்துப்போக விடாதீர்கள். சுவருக்கு, 24 செ.மீ. தடிமனில், சதுர மீட்டருக்கு 40 கல் வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது சல்லடையில். மூடுபனி நாட்களில் மண் ஈரமாக இருக்கும், சல்லடையில் இறங்காது. ஆட்கள் கட்டிகளை மண்வெட்டியால் தட்டி அப்படியே அச்சில் போட்டுவிடுவார்கள். அடித்த அன்று கல் பளிச்சென்றுதான் இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே கோலிக்குண்டு அளவில் கருஞ்சிவப்புக் களி உருண்டைகள். அவற்றுக்குள் சிமெண்டு போகவே இல்லை. முதல் மழையில் ஊறி உப்பி, அடுத்த வெயிலில் உதிர்ந்து, சுவர் முழுக்க அம்மைத் தழும்பாகிவிடும். மண்ணைக் காய வைப்பதற்குத் தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டகை போடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிய கலவை அரைமணிக்குள் அச்சுக்குப் போய்விட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் காய்ந்து கிடந்ததை மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறி அடிப்பது இந்தக் குழுக்களின் பொதுவான கெட்ட பழக்கம்.

கியூரிங் 28 நாள். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு தினமும் நனைக்க வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். அந்தக் குளிரில் சிமெண்டு இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். கோத்தகிரி, குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழை. ஆகவே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரைதான் சரியான காலம். அந்த மாதங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் கூடவே வரும். சாக்கு போர்த்தி, அதன்மேல் தார்ப்பாய் மூடினால் நனைக்கும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: பாதி அடித்து முடித்ததும், மீதி 28 நாள் கழித்துச் சோதனைக்குப் பிறகு. அடுக்கில் அங்கங்கே எடுத்த ஐந்து கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை போடுங்கள். எடை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, விளிம்பு விரலால் உதிர்ந்தாலோ அந்த அடுக்கு வேண்டாம். இதற்குச் சம்மதிக்காத குழுவை விட்டுவிடலாம்.

சுவர் எழுப்பும்போது 60 செ.மீ. உயரத்துக்குக் கருங்கல் பேஸ்மட்டம், அதன்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு, 75 செ.மீ.க்குக் குறையாத கூரைத் தாழ்வாரம், கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் ஆர்சிசி பட்டை. வெளியே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பாசி பிடிக்கும், சுண்ணாம்பு அடியுங்கள்.

கோத்தகிரி, கேத்தி, குன்னூர் என்றால் மேலே சொன்ன நிபந்தனைகளோடு இந்தச் சேவையை எடுக்கலாம். தேவாலா, பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை சுவரைச் சாய்வாக அறையும். அங்கே உள்சுவருக்கு மட்டும் மண் கல், வெளிச்சுவருக்குக் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ போடுங்கள்.