சங்கிலி, கூண்டு, ஒரு காது: ஸ்டார்கேட் 1983 ஒளிப்பதிவு

என் வயதையொத்தவர்களுக்குத் தொழில்முறை மல்யுத்தம் என்பது கேபிள் இணைப்பு வந்த பிறகு வீட்டுக்குள் நுழைந்த ஒன்று. அதற்கும் முன்னால், வீரர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சிட்ட டிரம்ப் கார்டு கட்டாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த ஒன்று. அதனால் அதன் வரலாறே ஹல்க் ஹோகனிடமிருந்து தொடங்குகிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். ஹோகன் 1984 ஜனவரி 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அயர்ன் ஷேக்கை வீழ்த்திப் பட்டம் வென்றதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னர், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் முழு ஒளிப்பதிவை அண்மையில் இரண்டு இரவுகளாகப் பார்த்து முடித்தபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்று தெரிந்தது. 1983 நவம்பர் 24 அன்று, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளில் நடந்த முதல் ‘ஸ்டார்கேட்’ அது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் இந்தப் பதிவை இன்று யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்பதே இந்த விமர்சனம்.

முதலில் அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சற்றே சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் பார்த்தால் பாதி புரியாது. 1948இல் உருவான நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பின்கீழ் அமெரிக்கா பல வட்டாரங்களாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி இருந்தார். அவரவர்க்கென்று வீரர்களும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வாராந்தர நிகழ்ச்சியும் இருந்தன. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கடைவிரிப்பதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம். உலகப் பட்டம் மட்டும் பொதுச் சொத்து. அதை வைத்திருப்பவர் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் நாயகனை ஏறக்குறையத் தோற்கும் நிலைவரை வெல்லவிட்டு, கடைசியில் பட்டத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். கரோலினா, வர்ஜீனியா வட்டாரம் ஜிம் கிராக்கெட் குடும்பத்துடையது. மல்யுத்த வீரர் டஸ்டி ரோட்ஸின் யோசனையை ஏற்று அவர்கள் நடத்திய ஸ்டார்கேட்டின் புதுமை, அரங்கில் திரண்ட 15,000க்கும் மேற்பட்டவர்களோடு நின்றுவிடாமல், மற்ற ஊர் அரங்குகளிலும் பெரிய திரை கட்டி, மூடிய சுற்று ஒளிபரப்பாக நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டியதுதான். இன்று பெரிதாகப் பேசப்படும் ஆண்டு விழாவான ரெஸில்மேனியா பிறக்க இன்னும் 16 மாதங்கள் இருந்தன.

பொருளின் தரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். படம் மங்கல். ரிங்குக்கு மேலே மட்டும் வெளிச்சம். மூன்றாவது வரிசைக்கு அப்பால் இருட்டு. சில இடங்களில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கரைந்து, ரத்தமும் சிவப்பு உடையும் வேறுபாடின்றித் தெரிகின்றன. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அறைக்குள்ளிருந்து வரும் பேட்டிகளில் ஒலி திடீரென்று ஏறுகிறது, திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இறங்குகிறது. பழைய ஒளிநாடாவை இதற்குமேல் துலக்க முடியாது என்பது புரிகிறது. இருந்தாலும் இன்றைய துல்லியத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் அரைமணி நேரம் சோதனைதான்.

அந்த அரைமணி நேரத்தில் இழப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்க இரட்டையர் ஆட்டங்கள் ஒப்புக்கு நடக்கின்றன. அப்துல்லா தி புட்சருக்கும் போர்ட்டோ ரிக்கோவின் கார்லோஸ் கொலோனுக்கும் நடக்கும் மோதல் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ரத்தக்களரி. சூடானிலிருந்து வந்த காட்டுமிராண்டி என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்த அப்துல்லா உண்மையில் கனடாவின் விண்ட்சர் நகரத்துக்காரர் என்பதையும், அந்தக் காலத்து மல்யுத்தம் வேற்று நாட்டாரை எப்படிக் காட்டிப் பிழைத்தது என்பதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால் கூச்சமே மிஞ்சுகிறது. இவற்றுக்கிடையே சிரிப்பு மூட்டியது சார்லி பிரவுன் ஒருவர்தான். ஜிம்மி வேலியன்ட் என்ற வீரர் ‘தோற்றவர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும்’ என்ற நிபந்தனையில் தோற்றுப்போனவர். அவரே முகமூடி மாட்டிக்கொண்டு வேறு பெயரில் திரும்பி வந்து, வாயிலிருந்து பச்சைச் சாயம் உமிழும் கிரேட் கபுகியை எதிர்க்கிறார். முகமூடிக்குக் கீழே அதே நீண்ட தாடி அப்படியே தொங்குகிறது. கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்ற மரபில் வளர்ந்த நமக்கு இதில் குறைசொல்ல உரிமை இல்லை.

பதிவு உயிர்பெறுவது ராடி பைப்பரும் கிரெக் வேலன்டைனும் வரும்போது. இருவர் கழுத்திலும் நாய்க்குப் பூட்டும் தோல் பட்டை. இரண்டையும் இணைத்து ஓர் இரும்புச் சங்கிலி. மணி அடித்ததும் இருவரும் பாய்ந்து அடித்துக்கொள்வதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கிறார்கள். சங்கிலி தரையிலிருந்து மெல்ல எழுந்து, விறைத்து, இருவர் கழுத்தும் முன்னால் வளைகிறது. முதல் நிமிடத்தில் நடப்பது இவ்வளவுதான். ஆனால் எடை எவ்வளவு, பட்டை எங்கே அறுக்கிறது, இனி என்ன நடக்கும் என்பதையெல்லாம் பார்வையாளருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது. பிறகு சங்கிலி வாயில் கடிவாளமாகிறது, கண்ணுக்குக் குறுக்கே இழுபடுகிறது, கையில் சுற்றிய முஷ்டியாகிறது. சில மாதங்களுக்கு முன் பட்டப் பெல்ட்டால் வேலன்டைன் பைப்பரின் காதில் அடித்துக் கிழித்ததுதான் இந்தப் பகைக்கு மூலம் என்பது கதை. ஆகவே அன்றும் அவர் அந்தக் காதையே குறிவைக்கிறார். பைப்பரின் காதிலிருந்து ரத்தம் வழிகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் அவர் குடித்தவர்போல் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். ஏறத்தாழ 16 நிமிடம் கழித்து, கயிற்றில் ஏறி நின்ற வேலன்டைனைச் சங்கிலியால் சுண்டிக் கீழே இழுத்துச் சரமாரியாக அடித்து வெல்கிறார்.

என்னோடு உட்கார்ந்திருந்த என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. இன்றைய மல்யுத்தத்தை ஒரு வாரம் விடாமல் பார்ப்பவன், அதுவரை கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவன் இந்த இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “காது நிஜமாவே போயிடுச்சா மாமா?” என்று கேட்டான். நிஜமாகவே போனது. அந்த ஆட்டத்தில் வாங்கிய அடியால் இடக்காதின் கேட்கும் திறனில் பாதிக்குக் குறையாமல் நிரந்தரமாக இழந்துவிட்டதாகப் பைப்பர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதைக்காகப் புண்ணாக்கப்பட்ட காது, கதை முடியும் இடத்தில் உண்மையாகவே செவிடானது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு விலை தேவையா என்றால் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட சண்டை என்பதாலேயே அது பொய்ச் சண்டை என்று ஒதுக்குபவர்கள், அந்த 16 நிமிடத்தைப் பார்த்த பிறகு வேறு சொல்லைத் தேட வேண்டியிருக்கும். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனன் விழப்போவது கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அங்கே யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

‘கேஃபேப்’ என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். ரிங்கில் பகைவனாக இருப்பவன் வெளியிலும் பகைவனாகவே நடமாட வேண்டும் என்ற கட்டுப்பாடு அது. அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இதே வட்டாரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1975 அக்டோபர் 4 அன்று வில்மிங்டன் அருகே ஒரு சிறிய விமானம் விழுந்தது. அதில் இருந்த ரிக் ஃபிளேருக்கு முதுகெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. கிரெக் வேலன்டைனின் தந்தை ஜானி வேலன்டைன் முடங்கிப்போனார். அவர் மறுபடி ரிங்கில் ஏறவே இல்லை. நாயகன் வேடம் பூண்ட டிம் வுட்ஸும் அதே விமானத்தில் இருந்தார். வில்லன்களோடு ஒன்றாகப் பயணம் செய்தது வெளியே தெரிந்தால் தொழிலே போய்விடும் என்பதால், விழுந்து அடிபட்ட நிலையிலும் தாம் மல்யுத்த வீரர் என்பதை மறைத்து, ரிங்கில் வழங்காத தம் இயற்பெயரைச் சொல்லிச் சமாளித்தார்; வதந்தியை அடக்குவதற்காகக் காயம் ஆறும் முன்பே ரிங்குக்குத் திரும்பினார். எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த விமானத்திலிருந்து பிழைத்தவர்களில் ஒருவரான ஃபிளேர் கிரீன்ஸ்பரோவின் தலைமை ஆட்டத்தில் நிற்கிறார். முடங்கியவரின் மகன் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார். வர்ணனையாளர்கள் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை. அந்த ஊர் ரசிகர்களுக்குச் சொல்லவேண்டிய தேவையும் இருந்திருக்காது.

ரிக்கி ஸ்டீம்போட்டும் ஜே யங்பிளட்டும் பிரிஸ்கோ சகோதரர்களை எதிர்க்கும் ஆட்டத்தை, மல்யுத்தத்தின் நுட்பத்தை ரசிப்பவர்கள் தவறவிடக் கூடாது. ஜாக் பிரிஸ்கோ 1965இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான மல்யுத்தத்தில் வாகை சூடியவர். அவர் ஒரு காலைப் பிடித்துத் திருகும்போது அது வேடம் போலத் தெரிவதில்லை. ஒரு பிடிக்குள் ஸ்டீம்போட் இரண்டு நிமிடம் கிடக்கிறார். கை நடுங்குகிறது, விரல் கயிற்றைத் தேடுகிறது, எட்டவில்லை. இன்று இந்த இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மேலிருந்து குதித்திருப்பார்கள்.

தலைமை ஆட்டம் ஹார்லி ரேசுக்கும் ஃபிளேருக்கும், இரும்புக் கூண்டுக்குள். அந்த ஆண்டு ஜூனில் செயின்ட் லூயிஸில் ஃபிளேரிடமிருந்து பட்டத்தைப் பறித்த ரேஸ், அவரைத் தொழிலிலிருந்தே ஒழித்துக்கட்டுபவர்களுக்கு 25,000 டாலர் தருவதாக அறிவித்தார். பாப் ஆர்ட்டனும் டிக் ஸ்லேட்டரும் ஃபிளேரின் கழுத்தை உடைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். கழுத்துப் பட்டையோடு ஓய்வை அறிவித்த ஃபிளேர் திரும்பி வந்தார். பல மாதங்கள் பொறுமையாகக் கட்டிய கதை இது. புகைக்கும் ஒளிக்கற்றைகளுக்கும் நடுவே மின்னும் அங்கியில் ஃபிளேர் நடந்து வரும்போது அரங்கம் எழுப்பும் ஓசைக்குக் காரணம் அந்தப் பொறுமைதான்.

ஆட்டம் ஏறத்தாழ 24 நிமிடம். நாற்பது வயது ரேஸ் அவசரமே படுவதில்லை. தலையைக் கூண்டுக் கம்பியில் தேய்ப்பதும், விழுந்தவனைக் கழுத்தில் மிதிப்பதும், பட்டறையில் வேலை செய்பவரின் நிதானத்தோடு நடக்கின்றன. வெளுத்த முடி சிவந்துபோன ஃபிளேரைக் கார்டன் சோலி என்ற வர்ணனையாளர், செய்தி வாசிப்பவரின் குரலில், கத்தாமல் விவரிக்கிறார். அவரும் பாப் காடிலும் வர்ணனையில் காட்டும் அடக்கத்துக்காகவே இந்தப் பதிவை இன்னொரு முறை கேட்கலாம்.

என் குறை நடுவரைப் பற்றியது. முன்னாள் உலக வாகையர் ஜீன் கினிஸ்கியைச் சிறப்பு நடுவராக நிறுத்தியிருக்கிறார்கள். அவர் தாமும் ஒரு போட்டியாளர் என்று நினைத்துக்கொண்டவர்போல, ரேஸின் முடியைப் பிடித்து இழுப்பதும், இருவருக்கும் நடுவில் புகுவதுமாக ஆட்டத்தின் ஓட்டத்தைப் பலமுறை அறுத்துவிடுகிறார். முடிவிலும் அவர் குறுக்கே இருக்கிறார்: மேல் கயிற்றிலிருந்து ஃபிளேர் பாய, ரேஸ் கினிஸ்கியின்மேல் தடுக்கிப் பின்னால் சாய, மூன்று எண்ணப்படுகிறது. இவ்வளவு கட்டிய கதைக்கு இன்னும் தெளிவான முடிவு கிடைத்திருக்க வேண்டும்.

16 மாதங்கள் கழித்து மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த முதல் ரெஸில்மேனியாவில் பைப்பர், வேலன்டைன், ஸ்டீம்போட், ஆர்ட்டன் ஆகிய நால்வரும் இருந்தார்கள். அதை நடத்திய வடகிழக்கு வட்டார முதலாளி வின்ஸ் மக்மஹோன் வட்டார எல்லைகளை மதிப்பதை நிறுத்தியிருந்தார். கிராக்கெட் குடும்பம் 1988இல் தன் நிறுவனத்தைத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னருக்கு விற்றது. 2001இல் எல்லாம் மக்மஹோனின் நிறுவனத்திடமே (இன்றைய WWE) போய்ச் சேர்ந்தது. இந்தப் பதிவின் உரிமையும் இன்று அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

முழுவதும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் பைப்பர் வரும் இடத்திலிருந்து தொடங்கினால் போதும்; அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தையும் தாண்டத் தேவையில்லை. சிறு பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் ரத்தத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் கூண்டு ஆட்டம் முடிந்ததும் பையன் ரிமோட்டை வாங்கி, சங்கிலி தரையிலிருந்து எழும் அந்த முதல் நிமிடத்துக்குத் திரும்பிப் போனான்.